முப்பதுக்கு எத்தனை மார்க்?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர் யாராவது இருந்தால், அதிலும் பள்ளிக்கூடம் போகாதவர் இருந்தால், இன்றைக்கு முடியாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமையாவது உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் வயதானவர்களைத் தேனிக்கும் மதுரைக்கும் 'ஞாபக டெஸ்ட்' எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். நல்ல விஷயம். முன்பெல்லாம் 'வயசாயிருச்சு, அப்படித்தான் பேசும்' என்று திண்ணையில் போட்டுவிடுவோம். ஆனால் டெஸ்ட் முடிந்து திரும்புகிறவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. முப்பதுக்கு இத்தனை என்று ஒரு எண். அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு மருத்துவம் தெரியாது. முப்பத்து நாலு வருஷம் கேள்வித்தாள் தயாரித்து, திருத்தி, மார்க் போட்டவள் நான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

பெரும்பாலும் கேட்கப்படும் அந்தக் கேள்வித்தாள் அமெரிக்காவில் 1975ல் வந்தது. ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மக்ஹ்யூ என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. எம்.எம்.எஸ்.இ. என்பார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நாள், மாதம், வருஷம் போன்றவைக்கு 5 மார்க். எந்த மாநிலம், எந்த ஊர், எந்த மாடி என்பதற்கு 5. மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்ல 3, சற்று நேரம் கழித்து நினைவுகூர 3. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5. கடிகாரத்தையும் பென்சிலையும் காட்டிப் பெயர் கேட்க 2. ஒரு தொடரைத் திருப்பிச் சொல்ல 1. தாளை எடு, மடி, கீழே வை என்பதற்கு 3. எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. ஆக 30. பொதுவாக 24க்குக் கீழே போனால் சந்தேகம்.

இப்போது ஒரு கூட்டல் கணக்குப் போடுங்கள். படிக்க 1, எழுத 1, வரைய 1, கழிக்க 5. எட்டு மார்க் பள்ளிக்கூடத்துக்கு உரியது. பேனா பிடித்தே பழகாத ஒருவர், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாலும் 22. வாயைத் திறக்கும் முன்பே ஃபெயில்! எந்த வகுப்பிலாவது இப்படி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பார்.

இது நம் ஊர் ஆதங்கம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவிலேயே 18,000 பேருக்கு மேல் இந்த டெஸ்ட்டை வைத்துப் பார்த்து 1993ல் வெளியிட்டார்கள். ஒன்பது வருஷமும் அதற்கு மேலும் படித்தவர்களின் நடு மார்க் 29. ஐந்து முதல் எட்டு வருஷம் படித்தவர்களுக்கு 26. நாலு வருஷமோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 22. அதாவது குறைவாகப் படித்த ஒரு சாதாரண அமெரிக்கர் 24ஐத் தொடுவதே கஷ்டம். அந்த விவரம் வெளிவந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. நம் பக்கத்துத் தாள்களில் இன்னும் வயதும் மார்க்கும்தான் இருக்கின்றன. எத்தனாவது வரை படித்தார் என்று எழுதவே கட்டம் இல்லாத தாளை நானே பார்த்தேன்.

எங்கே பார்த்தேன் என்றும் சொல்கிறேன். என் அத்தை, அப்பாவின் தங்கை. எழுபத்தெட்டு வயது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். முப்பது வருஷம் கம்பம் மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவர். பத்துப் பெண்கள் சேர்ந்த சீட்டை ஒரு துண்டுத்தாள் இல்லாமல் மனதிலேயே வைத்து நடத்தியவர். கொஞ்ச நாளாகச் சொன்னதையே சொல்கிறார், கேட்டதற்குப் பதில் இல்லை என்று ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். எது என்று சொல்ல வேண்டியதில்லை. டெஸ்ட் வைத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நல்ல பிள்ளை, அவசரத்தில் இருந்தது.

என்ன தேதி என்று கேட்டது. "தீபாவளிக்கு மூணு நாள் இருக்கு" என்றார் அத்தை. அது மிகச் சரி. ஆனால் தேதி இல்லை, 0. என்ன மாதம்? "ஐப்பசி." அந்தப் பிள்ளைக்கு வேண்டியது அக்டோபர், 0. வருஷம் தெரியவில்லை, 0. எத்தனாவது மாடி? "படி ஏறுனா எண்ணிருப்பேன். பெட்டிக்குள்ளல்ல கூட்டியாந்தீக." 0. நூறில் ஏழு போனால்? "தொண்ணூத்தி மூணு." அதில் ஏழு? அத்தை என் பக்கம் திரும்பி, "ஏம்மா மருமகளே, எதுக்கு ஏழு ஏழாக் கழிக்கணும்? யாருக்குக் குடுக்குறோம்?" என்றார். அதற்குப் பிறகு அவர் கழிக்கவில்லை, நாலு மார்க் போயிற்று. படிப்பது, எழுதுவது, வரைவது மூன்றும் போயின. திருப்பிச் சொல்ல வேண்டிய தொடர் ஆங்கிலத்தில் நாக்கைப் புரட்டுகிற ஒன்று. தமிழில் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் எனக்கே என்னவென்று விளங்கவில்லை. அதில் 1 போயிற்று. மூன்று சொற்களை முதலில் சத்தமாகச் சொன்னதும் திருப்பிச் சொன்னவர், பிறகு கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. அதில் 3. மொத்தம் முப்பதுக்குப் பதினைந்து.

அன்று சாயங்காலமே வீட்டில் எல்லாம் மாறிவிட்டது. பீரோ சாவி கை மாறியது. சீட்டுக் கணக்கைப் பேரன் வாங்கிக்கொண்டான். பால் ஊற்றுகிறவரிடம், "பாட்டிகிட்டப் பேசாதீங்க, அதுக்கு ஞாபகம் இல்ல" என்று சொல்லியாகிவிட்டது. அத்தை யாரையும் திட்டவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதுவும் நோயின் அறிகுறி என்று கணக்கில் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து வேறொரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். அவர் தாளைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அத்தையிடம் பேசியதை விட எங்களிடம் பேசியதுதான் அதிகம். ஒரு வருஷத்துக்கு முன்பு செய்துகொண்டிருந்த எதை இப்போது செய்ய முடியவில்லை? வழி தவறினாரா? அடுப்பை மறந்தாரா? காசு கொடுத்து மிச்சம் வாங்குவதில் பிசகு உண்டா? ஆட்கள் பெயர் போகிறதா? ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் எடுக்கச் சொன்னார். காதைச் சோதிக்க அனுப்பினார். இரண்டு காதும் பாதிக்கு மேல் மந்தம். மூன்று சொற்கள் மறக்கவில்லை, மெதுவாகச் சொன்னவை கேட்கவே இல்லை. மறதி நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்தார், ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். காதுக் கருவி போட்டிருக்கிறது. சாவி மட்டும் இன்னும் திரும்பவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

சரி, டெஸ்ட் பள்ளிக்கூடம் போனவருக்கு ஏற்றது என்பதோடு விஷயம் முடியவில்லை. வளர்ந்த இடமும் பேசுகிற பேச்சும் மூளை வேலை செய்கிற விதத்தையே கொஞ்சம் மாற்றுகின்றன. இதற்கு நம் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எரிக் பெடர்சன் என்கிற மொழியியலாளர் மதுரை வட்டாரத்தில் ஆய்வு செய்தார். அப்போது நாமும் மதுரை மாவட்டம்தான். நெதர்லாந்தில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்தைச் சேர்ந்த குழுவில் இருந்தவர். தமிழ் பேசுகிறவர்களிலேயே இரண்டு வகை இருப்பதை அவர் கவனித்தார். நகரத்தில் பலர் இடம், வலம் என்று சொல்கிறார்கள். கிராமத்தில் பலர் சின்னப் பொருளுக்குக் கூடத் திசைதான் சொல்கிறார்கள். நமக்குத் தெரியாதா? "செம்பு தெக்குச் செவுத்தோரம் இருக்கு பாரு", "கொஞ்சம் கிழக்கே தள்ளி உக்காரு" என்றுதானே நம் வீட்டில் பேச்சு. மலை உயர்ந்த பக்கம் மேல், அதுதான் மேற்கு. சரிந்த பக்கம் கீழ், அதுதான் கிழக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் இருக்கிற நமக்கு இதை யாரும் இலக்கண வகுப்பில் சொல்லித்தர வேண்டியதில்லை.

மேசை மேல் பொம்மை மிருகங்களை வரிசையாக வைத்துக் காட்டி, ஆளை அப்படியே திருப்பிப் பின்னால் இருக்கிற மேசையில் 'அதே மாதிரி' வைக்கச் சொல்வது அந்தக் குழுவின் சோதனைகளில் ஒன்று. இடம் வலம் சொல்லிப் பழகியவர் தன் உடம்பை வைத்து அடுக்குவார். முன்பு வலது பக்கம் பார்த்த மாடு இப்போதும் வலது பக்கம் பார்க்கும். திசை சொல்லிப் பழகியவர் வேறு மாதிரி. முன்பு வடக்கே பார்த்த மாடு, தான் திரும்பிய பிறகும் வடக்கேதான் பார்க்க வேண்டும் என்று வைப்பார். கிராமத்தார் திசைப்படியும் நகரத்தார் உடம்புப்படியும் வைக்கிற போக்கைத்தான் பெடர்சன் கண்டார். இரண்டும் சரிதான். ஆனால் விடைக்குறிப்பு ஒன்றுதான் என்றால், ஒருவருக்குச் சைபர் விழும். சன்னல் இல்லாத ஏசி அறையில், மூன்றாவது மாடியில், 'எங்கே இருக்கிறோம்' என்று என் அத்தையைக் கேட்டால் என்ன சொல்வார்? வடக்கே தெரியாத இடத்தில் அவரை உட்கார வைத்ததே பாதிக் கண்ணைக் கட்டின மாதிரிதான்.

இன்னும் பழைய கதை நீலகிரியில் நடந்தது. ரிவர்ஸ் என்கிற ஆங்கிலேய மருத்துவர் 1901-02ல் தோடர்களிடம் போய்ச் சில கண் சோதனைகள் வைத்தார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றின் முனைகளில் உள்நோக்கிய அம்பு, மற்றதில் வெளிநோக்கிய அம்பு. ஒன்று நீளமாகத் தெரியும். டி.டி.எட். படிக்கும்போது உளவியல் புத்தகத்தில் இதே படத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம். ஆங்கிலேயர் ஏமாந்த அளவுக்குத் தோடர்கள் ஏமாறவில்லை. ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. கண் பார்ப்பதில் கூட வளர்ப்பு நுழைகிறது என்பது மட்டும் நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும்.

கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் அதுதான் என் பாடம். 2025ல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் உள்ள குழு. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வியாபாரம் பார்க்கிற 1,436 பிள்ளைகளிடம் பொருள் வாங்குவது போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். இந்த விலைக்கு இத்தனை கிராம், இந்தா பணம், மீதி எவ்வளவு? பெரும்பாலோர் பேனா இல்லாமல் சரியாகச் சொன்னார்கள். அதே பிள்ளைகளிடம் பாடப்புத்தகத்தில் இருப்பது போல வகுத்தலும் கழித்தலும் கொடுத்தால் பலர் தடுமாறினார்கள். இதில் பலரும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற பிள்ளைகள்தான்! பள்ளிப் பிள்ளைகள் 471 பேரிடம் சந்தைக் கணக்கைக் கேட்டார்கள். அவர்கள் அங்கே தடுமாறினார்கள். தேனி சந்தையில் தக்காளி தராசு பிடித்த பையன்கள் என் வகுப்பில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏழு ஏழாகக் கழிக்கிற திறமை என்று தனியாக ஒன்று மூளையில் உட்கார்ந்திருக்கவில்லை. எங்கே பழகினோமோ அங்கேதான் அது வேலை செய்கிறது.

எழுத்து படிப்பதும் அப்படித்தான். உத்தரப்பிரதேசத்தில் லக்னோ பக்கத்து இரண்டு கிராமங்களில், எழுதப்படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 2017ல் வெளிவந்தது. பெரும்பாலும் பெண்கள். எழுத்து படிக்கக் கற்ற பிறகு, பார்வையைக் கையாள்கிற பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடியிருந்தது, மூளையின் அடிப்பகுதிகள் வரைக்கும். ஆறே மாதத்தில். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து 'பட்டா' 'படி' என்று எழுத்துக் கூட்டிய அம்மாக்களை நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடத்தான் சொல்லிக் கொடுக்கிறோம் என்றுதான் அப்போது எங்களிடம் சொன்னார்கள்.

அப்படியானால் படிக்காதவர் மூளை குறைந்ததா? இல்லை, வேறு பழக்கம் உள்ளது. ஐங்கோணம் வரையத் தெரியாத கை, விடியற்காலையில் பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டு முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கும். ஒரு கோடு தப்பினால் எங்கே தப்பியது என்று நின்றபடியே சொல்லும். அதைக் கேட்க அந்தத் தாளில் இடம் இல்லை.

மொழியிலும் நம் பள்ளத்தாக்குக்கு ஒரு தனிக் கதை உண்டு. கன்னடம் பேசும் வீடு, தெலுங்கு பேசும் வீடு, தோட்ட வேலைக்கு இடுக்கி போய் மலையாளம் பழகினவர்கள் எல்லாம் ஒரே தெருவில். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2013ல் எழுதியது: இரண்டாவது மொழியும் பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தள்ளித் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எல்லா ஆய்வும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் பிடித்தது, ஏட்டுப் படிப்பு இல்லாத ஒரு திறமையை யாரோ எண்ணிப் பார்த்தார்கள் என்பதுதான்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, 'டெஸ்ட்டே வெள்ளைக்காரன் ஏமாற்று, நம்ம ஊருக்கு ஒத்துவராது' என்று யாராவது கிளம்பினால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2023ல் வெளிவந்த தேசிய அளவிலான கணக்கெடுப்புப்படி அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா. அது பெரும்பாலும் பெயர் வைக்கப்படாமலே வீட்டுக்குள் கிடக்கிறது. படிப்புக் குறைவும் காது மந்தமும் உண்மையிலேயே அந்த நோய்க்கான அபாயங்கள் என்றும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதனால் படிக்காதவர் மார்க் குறைந்தால் 'அது படிப்பில்லாததால்தான்' என்று விட்டுவிடவும் முடியாது.

மறுபக்கமும் இருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒரு சார், கணக்கில் புலி. அவருக்கு 29 வந்தது. 'எல்லாம் நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். கரண்டு பில்லை இரண்டு தடவை கட்டுகிறார், பெரியகுளம் பஸ்ஸில் ஏற வேண்டியவர் போடி பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறார் என்று அவர் வீட்டம்மா சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஒன்றரை வருஷம் கழித்துத்தான் நோய் என்று தெரிந்தது. நிறையப் படித்த மூளை ரொம்ப நாள் சமாளிக்கும். பழக்கத்தில் விடை சொல்லிக்கொண்டே இருக்கும். அதே தாள் அத்தைக்கு இல்லாத நோயைச் சொன்னது, இவருக்கு இருந்த நோயை மறைத்தது.

இதைச் சரிசெய்ய நம் நாட்டிலேயே வேலை நடந்திருக்கிறது. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களில் படிக்காத முதியவர்களுக்காக அந்த 30 மார்க் தாளையே இந்தியில் மாற்றி அமைத்து 1995ல் வெளியிட்டார்கள். வாக்கியம் எழுதச் சொல்வதற்குப் பதில், 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்.' எழுதியதைப் படித்துக் கண்ணை மூடச் சொல்வதற்குப் பதில், 'நான் செய்வது போலச் செய்யுங்கள்.' எவ்வளவு எளிது பாருங்கள். 2020ல் ஏ.சி.இ-3 என்கிற இன்னொரு விரிவான சோதனையை ஏழு மொழிகளில், அதில் தமிழும் ஒன்று, படிப்புக்கு ஏற்றபடி சரிபார்த்து வெளியிட்டார்கள். ஐ.சி.எம்.ஆர். உருவாக்கிய சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று ஐந்து இந்திய மொழிகளில் வந்தது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை. ஏனோ!

நேர் மொழிபெயர்ப்பு போதாது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். கழித்தல் வராதவர்களிடம், 'வேர்ல்டு' என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டச் சொல்வார்கள். ஐந்து எழுத்து, ஐந்து மார்க். அதை 'உலகம்' என்று பெயர்த்தால் நாலே எழுத்து. மீதி ஒரு மார்க்கை யாரிடம் வாங்குவது?

டாக்டர்களைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்குப் பத்து நிமிடத் தாள் வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைப் பிரயோஜனமாக்குவது கூடப் போகிற நம் கையில் இருக்கிறது. போவதற்கு முன் காதையும் கண்ணாடியையும் சரிபாருங்கள். எத்தனாவது வரை படித்தார், வீட்டில் என்ன மொழி, என்ன வேலை பார்த்தார் என்று நாலு வரி எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். போன வருஷம் தானாகச் செய்த எந்த வேலை இந்த வருஷம் முடியவில்லை என்று உதாரணத்தோடு எழுதுங்கள். என்னைக் கேட்டால் அந்த மார்க்கை விட இதுதான் பேசும். படிப்புக்கு ஏற்ற அளவுகோல் வைத்துப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள், யாரும் கோபிப்பதில்லை. ஒரே ஒரு தாளை நம்பி யாரிடமிருந்தும் சாவியை வாங்காதீர்கள், யாரையும் ரேகை வைக்கச் சொல்லாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே டெஸ்ட்டை அதே மொழியில் மறுபடி வைத்து, அவருடைய பழைய மார்க்கோடு ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் மார்க்கோடு வேண்டாம்.

வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு தாள் இருந்தால் மொத்த மார்க் மட்டும் போதாது, கேள்வி வாரியான பக்கத்தையும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். நோய் உண்டா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. எந்த மார்க் எதில் போனது என்று பிரித்துக் காட்டுவேன், அதை டாக்டரிடம் எடுத்துப் போகலாம். துணைக்கு ஆள் இல்லாமல் மதுரைக்குப் போக வேண்டியிருந்தாலும் சொல்லுங்கள், வருகிறேன். புதன்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்குப் பேத்தியை நீச்சலுக்குக் கூட்டிப் போக வேண்டும்.